விசில்காரர் வீட்டம்மாவின் சைக்கிள் பயணம்

டெய்லரக்கா கொடுத்துவைத்தவள். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள், அதுதான் எரிச்சல். புருஷன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், இன்னொருத்தியை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைப்பார். மழை வந்தால் குடையோடு கடை வாசலில் நிற்பார். மழை வராவிட்டாலும் நிற்பார். வந்துவிட்டால் என்ன செய்வது என்பார்.

அவர் பெயிண்ட் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். மாதம் ஒரு முறை அதை ஊதினால் மொத்தக் கம்பெனியும் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்து மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் தலைகளை எண்ணுவார். தீப்பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்பதற்கான ஒத்திகை அது. விசில்காரர் என்று பெயர் வந்தது அங்கேதான். ஒரு நாள் ஒத்திகை இல்லாமல் கிடங்கில் நிஜமாகவே தீப்பிடித்தது. எண்ணிப் பார்த்தார், ஒரு தலை குறைந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் கிடங்கின் கூரை விழுந்துவிட்டது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்குமோ என்னவோ. ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது, ஒரே மகளும் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். எண்ணுவதற்கு அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தலை.

அந்தத் தலையை அவர் ஓயாமல் எண்ணினார். குளியலறையில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஓடினால் கதவைத் தட்டுவார். "உள்ள சரியாத்தான இருக்க?" என்பார். "சரியாத்தான் இருக்கேன்" என்று சோப்பு நுரையோடு பதில் சொல்லியாக வேண்டும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் படிக்கட்டின் அடியில் வந்து நிற்பார். கடைத்தெருவில் யாரோடாவது நின்று பேசினால் நாலு எட்டு தள்ளி, வேறு எதையோ பார்ப்பதுபோல நிற்பார். அவள் எரிந்து விழலாமென்றால் முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. அந்த மனுஷன் முகத்தில் சந்தேகம் இருந்தால் சண்டை போடலாம். பயம் அல்லவா இருந்தது! பயந்தவனோடு என்ன சண்டை போடுவது?

வேலையிலும் அவளுக்கு அதே கதிதான். துணி வெளுக்கும் கடையில் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி அவள் தையல் மெஷின். பின்னால் நீராவி இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று மூச்சுவிடும், தலைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் தொங்கும். கையை நீட்டினால் சுவர். பேன்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. அளவெடுக்கும்போது ஆம்பளைகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "மூச்ச விடுங்க சார், வீட்டுக்குப் போயும் பிடிச்சுக்கிட்டே இருக்க முடியாதுல்ல" என்பாள். அவர்கள் அசடு வழிவார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக அவளுக்குக் கையசைப்பார்கள். அவர்களில் விசில்காரரும் ஒருவர், காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்.

ஒரு நாள் அவளைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணி, உட்காரும் இடம் தேய்ந்துபோன பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து, உள்பக்கம் ஒட்டுப் போட்டுத் தரச் சொன்னாள். மற்ற இடமெல்லாம் புதுசாக இருந்தது.

"எப்படிம்மா இங்க மட்டும் இப்படித் தேஞ்சுது?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

"சைக்கிள்தான். லீவு நாள்னா காலையில கிளம்பிடுவேன். அணை வரைக்கும் போயிட்டு வருவேன்."

"அவ்வளவு தூரமா? அந்த லாரி ரோட்டுலயா?"

"லாரி ரோட்டுல எவ போவா? வீடுங்களுக்குப் பின்னாடியே வழி இருக்கு. வாய்க்கால் கரை, குடிதண்ணி பைப் போற ரோடு, அப்படியே போயிட்டே இருக்கலாம். ஒரு ஈ காக்கா இருக்காது."

"யார் கூடப் போவீங்க?"

"யார் கூடயும் இல்ல."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அந்த அம்மாள் சிரித்தாள். "பாதி நேரம் எனக்கே தெரியாது."

டெய்லரக்கா அன்றைக்கு ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். தான் எங்கே இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாத ஒரு நேரம் தன் வாழ்க்கையில் எப்போதாவது இருந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா, அப்புறம் இவர், கடையில் கண்ணாடி. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சைக்கிள் அம்மாள் ஒட்டுப் போட்ட பேன்ட்டை வாங்க வந்தபோது வழியை விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

மகள் படிக்கிற காலத்தில் ஓட்டிய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அதுதான் வண்டி. வழிக்கு, சாப்பாட்டு நேரத்தில் மெஷினுக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு வரைபடம் பார்த்தாள். பார்த்ததைத் தனக்குத் தெரிந்த முறையில் வரைந்தாள். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைகிற பழுப்புத் தாளில், சாக்குக் கட்டியால். சந்து திரும்புகிற இடத்தில் கைக்குழிக்குப் போடுகிற வளைவு, ஓய்வெடுக்கிற இடத்தில் பட்டனுக்குப் போடுகிற பெருக்கல் குறி. மேடு வருகிற இடங்களில் நேரத்தைத் தாராளமாக விட்டாள். தைக்கும்போது துணி உள்ளே போகுமென்று ஓரம் விட்டு வெட்டுகிறவள் அல்லவா. முதலாளியம்மா எட்டிப்பார்த்து, "யாருக்கு இது? கை ரொம்ப நீளமா இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வழியில் அவளுக்கு மிகவும் பிடித்தது பழைய ரயில் பாதை. ஒரு காலத்தில் மேட்டை வெட்டிப் பள்ளமாக்கி அதற்குள் ரயில் விட்டிருந்தார்கள். ரயில் நின்று, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனபின், நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஒரு வளைவு. கார் போகாதபடி இரண்டு வாயிலும் இரும்புக் கம்பம். பேன்ட் கால் மாதிரி, இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம்தான் வெளியே வர முடியும். செல்போன் சிக்னல் கிடையாது என்று சைக்கிள் அம்மாள் ஒரு குறையாகச் சொல்லியிருந்தாள். டெய்லரக்கா அந்த இடத்தில் சாக்குக் கட்டியை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பது மட்டும்தான் பாக்கி. அதற்குள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "ஏங்க, காத்தடிக்கிற பம்ப் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். வேறு எந்த வீட்டிலும் இது ஒரு கேள்வியே இல்லை. அந்த வீட்டில் ஒரு கேள்விக்கு அடுத்த கேள்வி உண்டு. எதுக்கு, எங்க, யாரு கூட, எப்ப வருவ. பொய் சொல்ல அவளுக்கு வராது. ஒன்றொன்றாகக் கக்கிவிட்டாள், தனியாகப் போக வேண்டும் என்பதைத் தவிர.

அவர் தடுத்திருந்தால் நல்லது. கோபித்துக்கொண்டு ஒரு நாள் கிளம்பிப் போயிருப்பாள். அவரோ உச்சி குளிர்ந்துவிட்டார். "நல்ல விஷயம்மா. உடம்புக்கு நல்லது. நான் பிளான் பண்ணித் தரேன்" என்றார். கம்பெனியை விட்டு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. பழுப்புத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாளே ஹெல்மெட் வந்தது, அதற்கடுத்த நாள் உடைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒளிர்கிற பச்சைச் சட்டை, கண்ணாடி, மணி, முழங்காலுக்குக் கவசம். கவசத்தைப் போட்டுக்கொண்டு அவளால் மிதிக்கவே முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு அவர் வழி நெடுகப் பார்த்துவிட்டு வந்தார். வாய்க்கால் கரையில் நாய் இருக்கிறது, வழியிலிருந்து எடு. பைப் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை, எடு.

"ஆள் நடமாட்டம் இல்லாததுனாலதாங்க அந்த ரோட்டப் போட்டேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். விழுந்தா தூக்கறதுக்கு ஒருத்தன் வேணாமா?"

அந்த ரோட்டுக்குப் பதில் பெரிய ரோட்டைப் போட்டார். பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரி இருந்தது. லாரிகள் இருந்தனவே என்றால், லாரிக்காரனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, நாய்க்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். கடைசியில் அணையையே எடுத்துவிட்டார். தண்ணீர் இருக்கிற இடமாம். "அதுக்குப் பதிலா உன் தம்பி வீட்டுக்குப் போவோம். அங்க சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போட்டா, சாயங்காலம் சைக்கிள கார் மேல கட்டிக்கிட்டு வந்துடலாம்."

"போவோமா?" என்றாள் அவள்.

"நான் பின்னாடியே கார்ல வருவேன்ல."

தம்பி விஷயம் கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டான். வீடு வாங்கித் தருகிற புரோக்கர் அவன். வாய்க்குக் கேட்கவா வேண்டும். "அக்கா, என் பொண்டாட்டிக்கு நான் ஒரு சைக்கிள் பெல்லு கூட வாங்கித் தந்ததில்ல. மாமா உனக்குக் கோட்டையே கட்டிட்டாரு. நீ குடுத்து வச்சவ."

"நீ வேணா மாமாவக் கூட்டிட்டுப் போய் உன் வீட்டுல வச்சுக்கோ" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அதை இருவரும் கவனிக்கவில்லை.

ஒத்திகையும் நடந்தது, விசில்காரர் வீட்டில் ஒத்திகை இல்லாமலா? அவள் முன்னால் மிதிக்க, நாலு விளக்கும் மின்ன மின்ன அவர் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. காருக்குப் பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே உயிரை எடுத்தார்கள். பஸ் ஜன்னலிலிருந்து தலைகள் நீண்டன. யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று ஒருவன் எழுந்து நின்றுகூடப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தபோதுகூட இத்தனை பேர் அவளைப் பார்த்ததில்லை. பச்சைச் சட்டைக்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அவர் அந்தப் பழைய ரயில் பாதையையும் எடுத்துவிடலாம் என்றார். கார் போகாது, சிக்னலும் இல்லை. அவள் வெட்டிக்கொண்டிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"அது இல்லன்னா நான் போகல."

"ஏம்மா, அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அது இல்லன்னா நான் போகல, அவ்வளவுதான்."

ஒற்றைக் காலில் நின்றாள். எத்தனையோ வருஷத்தில் அவள் இப்படி நின்றதில்லை, அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மோவாயைத் தடவிக்கொண்டே இறங்கிவந்தார். "சரி. நீ இந்தப் பக்கம் நுழைஞ்சதும் நான் காரைச் சுத்திக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் நிக்கறேன். நீ நிதானமா வா."

அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. அவர் அந்தப் பக்கம் போய் நின்றால் இந்தப் பக்கம் யாரும் இல்லை. பாதி வழி போய், கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் திரும்பிவிட வேண்டியது. வெளியே வந்து எதிரே இருக்கிற பைப் ரோட்டைப் பிடித்தால் நேராக அணை. பைப் ரோட்டில் சிக்னல் உண்டு. அங்கிருந்து, "நல்லா இருக்கேன், தேடாதீங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை அணைத்துவிடலாம். அதுவரை அவர் தவித்துப்போவார். ஒரு தலை குறைகிறதே என்று பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம்தான். ஆனால் அவள் மட்டும் பாவமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பாதையின் வாய் வரை கார் பின்னாலேயே வந்தது. அவர் இறங்கி வந்து டயரை அழுத்திப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், ஹெல்மெட் வாரை அவள் மோவாய்க்கு அடியில் ஒரு துளை இறுக்கினார். கம்பங்களுக்கு நடுவே அவள் சைக்கிளை நுழைத்தாள். வளைவு வந்ததும் காலை ஊன்றி நின்று காது கொடுத்தாள். கார் கிளம்பிய சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாசி வாசனை, ஈரக் காற்று. மேலே ஒரு பட்டை அகலத்துக்கு வானம். முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள், பச்சைச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். சத்தம் போட்டு ஒரு கொட்டாவி விட்டாள். யாரும் தூக்கம் வருகிறதா என்று கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

அவர் சுற்றிப் போவதற்கு வேண்டிய நேரத்தை விட்டாள், வழக்கம்போலக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டாள். நடுவில் ஒரு தரம் மனசு கேட்கவில்லை. போய்த் தொலைவோம், அந்தப் பக்கமே போய்விடுவோம் என்று எழுந்தாள். அப்புறம் பேசாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வந்த பக்கமே சைக்கிளைத் திருப்பினாள். மிதிக்க மிதிக்க வேகம் வந்தது. வெளிச்சம் தெரிந்தது, கம்பங்கள் தெரிந்தன.

கம்பங்களுக்கு நடுவே ஒரு கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார்.

எழுந்துவந்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "பஞ்சரா?"

"இல்ல."

"மயக்கமா வருதா?"

"இல்லீங்க. நீங்க போகலையா? கார் சத்தம் கேட்டுச்சே."

"வண்டிய நிழல்ல போட்டேன்." மரத்தடியைக் காட்டினார். "நீ பாதியில ஏதாவது ஆகித் திரும்பி வந்தா, இந்தப் பக்கம் யாரும் இல்லாம தவிச்சுப் போயிடுவியேன்னு தோணிச்சு."

"அப்ப அந்தப் பக்கம் வந்திருந்தா?"

"அந்தப் பக்கம் உன் தம்பி நிக்கறான். விடியறதுக்குள்ள வந்துட்டான், பாவம்."

அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைப் ரோடு அவருடைய தோளுக்குப் பின்னால் தெரிந்தது. பளபளவென்று, ஒரு நாய்கூட இல்லாமல். அவர் அவள் கண் போன திசையைத் திரும்பிப் பார்த்தார். ஆயுள் பூராவும் ஆட்களை எண்ணியவருக்கு முகம் படிக்கத் தெரியாமலா இருக்கும்?

"எங்க போகணும்னு திரும்பி வந்த?" என்று மெல்லக் கேட்டார்.

"அணைக்கு."

"சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"தெரியும்."

"நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல." சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. "எனக்குத் தனியா இருக்கணும்ங்க. உங்க மேல கோவம் இல்ல. எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும், அவ்வளவுதான்."

அவருக்குக் கேட்டது புரிந்தது, அதற்கு என்ன ஏற்பாடு செய்வது என்பதுதான் புரியவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள யாராவது நிக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"உள்ளயா? உள்ள யார நிறுத்தறது. சிக்னலே இல்லையே." அதில் தன்னுடைய தவறும் ஏதோ இருப்பதுபோலச் சொன்னார்.

அவள் சைக்கிளைத் திருப்பினாள். அவரும் கம்பத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார்.

"வராதீங்க."

நின்றுவிட்டார். வைத்த காலை எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் போகும் வரை வேகமாக மிதித்தாள். அதற்கப்புறம் மெதுவாகத்தான் போனாள். அந்தப் பக்கம் தம்பி நிற்கிறான், பாதையும் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.